பைப்படிப் பலகையின் பொட்டு

‘நாளைக்கு வாருங்கள்’ என்ற இரண்டு சொற்களைக் கன்னையா இருபத்தாறு ஆண்டுகள் கோர்ட்டில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றிச் சொல்லியிருக்கிறார். எந்த மொழியில் சொன்னாலும் அவற்றின் பொருள் ஒன்றுதான்: வராதீர்கள்.

ஆனால் 1934ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி காலையில், நாளை என்று ஒன்று இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு நகரப் போர்டு ஆபீசில் கூட்டம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பின்னால் இருந்த ஒரே காலி நிலத்தில் காண்ட்ராக்டர் இராமலிங்கம் பதினான்கு வீடுகள் கட்டுவதற்கு அந்தக் கூட்டத்தில் அனுமதி கிடைத்துவிடும். அதே நிலத்தில் இரண்டு வகுப்பறைகள் கட்ட வேண்டும் என்று ஆகஸ்டு மாதமே வரைபடம் கொடுத்திருந்த உர்சுலா டீச்சரின் பெண்கள் பள்ளி, கோப்புகளுக்கு அடியில் போய்விடும்.

பள்ளியில் இருந்தவை இரண்டு அறைகள். படித்த சிறுமிகள் நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆண்டு முடிவதற்குள் இடத்தை விரிவாக்காவிட்டால் அறுபது பேரை வெளியேற்ற வேண்டும் என்று பள்ளி இன்ஸ்பெக்டர் எழுத்தில் கொடுத்திருந்தார்.

“சட்டம் தெளிவா இருக்கு, மிஸ்டர் கன்னையா,” என்றார் உர்சுலா. கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மீண்டும் மடித்தார். “வீடு கட்டறவங்க, பைப்படிப் பலகையில இருபத்தொரு நாள் நோட்டீஸ் ஒட்டணும். அதுக்குள்ள ஆட்சேபம் வந்தா, ரெண்டு பிளானையும் ஒரே மேசையில வெச்சுப் பார்க்கணும். ஆட்சேபம் வரலைன்னா வீட்டுக்குத்தான் அனுமதி. அக்டோபர் எட்டுலேருந்து இருபத்தொன்பது வரைக்கும் நோட்டீஸ் இருந்துச்சுன்னு இராமலிங்கம் சத்தியப்பத்திரம் கொடுத்திருக்காரு. நான் தினம் நாலு தடவை அந்தப் பக்கம் போறேன். ஒரு தாளும் பார்க்கலை.”

“வேறு சாட்சி?”

“பைப்படியில தண்ணி பிடிக்கிற நாப்பது பொம்பளைங்களும் இல்லைன்னாங்க. போர்டுத் தலைவர் துரை என்ன கேட்டாரு தெரியுமா? ‘உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? தெரியாதா? அப்ப எந்தத் தாள் இருந்துச்சு, எது இல்லைன்னு எப்படிச் சொல்லுவீங்க?’ன்னு கேட்டுட்டு எல்லாரையும் அனுப்பிட்டாரு.”

அறையின் மூலையில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. “துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே சார். அப்ப தெருவுல ஒட்டற தமிழ் நாடக நோட்டீஸ் அவர் கண்ணுக்கே தெரியாதோ?”

குரலுக்குரியவள் டோரிஸ். முப்பத்தைந்து வயது மெதடிஸ்ட் விதவை. கோர்ட் வேலையை விட்டபின் கன்னையா நடத்திவந்த தனியார் விசாரணை அறையில் தட்டச்சு செய்வதும், அவர் கேட்காத கருத்துகளைச் சொல்வதும் அவளுடைய வேலைகள். முதலாவதற்குத்தான் அவர் சம்பளம் கொடுத்தார்.

*

பைப்படி என்பது நான்கு குழாய்களும் ஒரு தகரக் கூரையும் கொண்ட கொட்டகை. அதன் நடுத்தூணில் இரண்டு கொக்கிகளில் ஒரு பலகை தொங்கியது. ஒரு தாளுக்கு மேல் கொள்ளாத சிறிய பலகை. ‘பிறர் ஒட்டிய நோட்டீசைக் கிழிப்பது குற்றம்’ என்று அதன் தலையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. இப்போது அதில் ஒரு நாடக நோட்டீஸ், நான்கு மூலைகளிலும் ஆணியடித்து, முழுப் பலகையையும் மறைத்துக்கொண்டிருந்தது.

கன்னையா சுற்றுமுற்றும் பார்த்தார். டோரிஸ் அவருக்கு முன்பே பார்த்துவிட்டாள்.

“சார், இந்த லேன்ல பொட்டு இல்லாதவங்க நாம ரெண்டு பேருதான்.”

உண்மைதான். குழாய்களின் கழுத்தில் பொட்டு. ரிக்‌ஷாவின் கைப்பிடியில் பொட்டு. சலவைக்காரரின் இஸ்திரிப் பெட்டியில், தந்திக் கம்பத்தில், பள்ளிக்கூட மணியில்கூடச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அக்டோபர் நடுவில் வந்த ஆயுத பூசையன்று ரயில்வேக்காரர்கள் கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் வைத்த பொட்டு.

“நான்தான் வெச்சேன்,” என்றாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்ற வீரம்மா. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் மனைவி. பைப்படியின் ஒழுங்குக்குத் தன்னைத்தானே பொறுப்பாக்கிக்கொண்டவள். “வருசா வருசம் நான்தான் வெக்கிறது. டீச்சரம்மா வேதக்காரங்க, மணிக்கு வெக்கலாமான்னு கேட்டேன். ‘வை வை, சத்தமா அடிச்சாச் சரி’ன்னாங்க.”

“இந்தப் பலகைக்கும் வைத்தீர்களா?”

“வெக்காம? ஊர்ச் சேதி எல்லாம் சுமக்குது, பாவம். நட்ட நடுவுல ஒண்ணு.”

“அன்றைக்கு இதில் தாள் ஏதாவது இருந்ததா?”

“வெறும் பலகைங்க சார். நீங்களும் இங்கிலீஷ் தெரியுமான்னு கேப்பீங்களா?” என்று கேட்ட வீரம்மா, நாடக நோட்டீசின் ஓரத்தில் நகத்தை நுழைத்தாள். “கிழிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்!” கன்னையாவின் கையிலிருந்த பிரம்பு பலகையின் தலையிலிருந்த எழுத்தைத் தட்டியது. “கிழிப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. முறையென்று ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் இங்கே இருந்திருந்தால் பொட்டு அந்தத் தாளின்மீதுதான் விழுந்திருக்க வேண்டும். அந்தத் தாள் இப்போது சத்தியப்பத்திரத்தோடு போர்டு கோப்பில் இருக்கிறது. அதில் பொட்டு இல்லையென்றால் சத்தியப்பத்திரம் பொய். வா டோரிஸ்.”

முறையைப் பிடித்துக்கொண்டு அவர் அன்று செய்த தவறு அது. ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கக்கூடியதை விட்டுவிட்டு நடந்தார்.

*

போர்டு ஆபீசில் மூன்றாவது ஜன்னல் முதலாவதற்கு அனுப்பியது. முதலாவது ஜன்னல், மனுப்படிவம் வாங்க ஐந்தாவதற்கு அனுப்பியது. ஐந்தாவது ஜன்னலில் இருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். பதினொன்றே முக்காலுக்குத்தான் கோப்புகளைக் காக்கும் எழுத்தரான கிராணி இக்னேஷியசின் முன்னால் அவர்கள் போய் நின்றார்கள். ஒல்லியான, மரியாதையான மனிதர். கழுத்தில் சிறிய சிலுவை. பக்கத்தில் பியூன் வாசு மைக்கூடுகளை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“ஃபைலை இப்ப எடுக்க முடியாதுங்களே. ரெண்டு மணிக்கு வாங்க.”

“கூட்டம் மூன்று மணிக்கு.”

“அதான் சார், ரெண்டு மணிக்கு வாங்கன்றேன்.”

“ஒரு தாளை மட்டும் பார்க்க வேண்டும். அரை நிமிடம்.”

“அரை நிமிசம்னாலும் ஃபைல் ஃபைல்தானே சார்.”

டோரிசின் பொறுமை, அது எப்போதும் சிறியது, அங்கே தீர்ந்தது. “கிராணியாரே, நாங்க ஃபைலைத் தின்னவா போறோம்? அந்த நோட்டீசுல ஆயுத பூசைப் பொட்டு இருக்கான்னு பார்க்கணும். இருந்தா நாங்க பேசாம வீட்டுக்குப் போயிடறோம்லா. லேன்ல தந்திக் கம்பத்துக்கே பொட்டு வெச்சவங்க, தாளை மட்டும் விட்டுடுவாங்களா?”

கன்னையாவின் பிரம்பு தரையில் ஓங்கி ஒலித்தது. ஆனால் சொல் போய்விட்டது.

இக்னேஷியஸ் புன்னகை செய்தார். “ரெண்டு மணிக்கு வாங்க,” என்றார்.

*

இரண்டு மணிக்கு அவர் தாமே கோப்பை எடுத்துவந்தார். விளிம்புவரை நிறைந்த காப்பிக் குவளையைத் தட்டில் வைத்துத் தூக்குவதுபோல், இரண்டு கைகளாலும் மட்டமாகப் பிடித்து, அடி மேல் அடி வைத்து வந்து மேசையில் வைத்தார். திறந்தார்.

நோட்டீசின் நட்ட நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாகச் சந்தனம்.

கன்னையா கையை நீட்டினார்.

“தொடக்கூடாது சார். ரெக்கார்டு,” என்று இக்னேஷியஸ் மெல்லக் கோப்பை மூடினார்.

வெளியே, ஆபீஸ் வாசல் நிழலில், கன்னையா பிரம்பை ஊன்றி நின்றார். பேசத் தொடங்கியபோது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

“இருபத்தாறு ஆண்டுகள் நான் கோர்ட்டில் நின்றேன். எதிர்க்கட்சிக்காரரிடம் போய், ‘ஐயா, உங்கள் பொய்யில் இந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அடைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன ஒரு வக்கீலை நான் பார்த்ததில்லை.”

“தப்புத்தான் சார்.”

“அறுபது சிறுமிகள், டோரிஸ்.”

“தப்புத்தான்னு சொல்லிட்டேனே சார்.” அவள் குரலில் விளையாட்டு இல்லை. பிறகு, அடக்க முடியாமல், “ஆனா ஒண்ணு. காலையில அந்த அம்மா கிழிக்க வந்தப்ப, முறை முறைன்னு தடுத்தது நான் இல்ல,” என்றாள்.

கன்னையாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கியது. ஏனென்றால் அவள் சொன்னது சரி. கைக்கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

“ரிக்‌ஷாவைக் கூப்பிடு,” என்றார்.

*

வீரம்மா குறடு கொண்டுவந்தாள். கன்னையா, குற்றம் என்று எழுதியிருந்த பலகையின் முன்னால் நின்று, தம் கையாலேயே நாடக நோட்டீசின் நான்கு ஆணிகளையும் பிடுங்கினார்.

மரத்தின் நடுவில், சந்தனத்தின்மேல் குங்குமமாக, காய்ந்து இறுகிய பொட்டு.

“ஆக, பூசையன்று இங்கே தாள் இல்லை,” என்றார் கன்னையா. “இருந்திருந்தால் மரத்தில் பொட்டு விழ வழியில்லை.”

“அதான் நான் காலையிலேயே சொன்னேனே,” என்றாள் வீரம்மா.

கன்னையா நகத்தால் பொட்டின் விளிம்பைச் சுரண்டினார். துகள்கூட உதிரவில்லை. “இவ்வளவு உறுதியாக எப்படி நிற்கிறது?”

“இது என்ன கேள்வி சார்? முதல்ல சந்தனம். அது ஈரமா இருக்கறப்பவே அதுமேல குங்குமம். ரெண்டும் சேர்ந்து பிடிச்சுக்கும். வெறும் குங்குமத்தை வெச்சா நிக்குமா? நிமித்திப் பிடிச்சாக் கொட்டிப்போயிரும்லா.”

கன்னையா பொட்டிலிருந்து நகத்தை எடுத்தார்.

“டோரிஸ், இக்னேஷியஸ் அந்தக் கோப்பை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார்?”

“பொறந்த புள்ளையைத் தூக்கறமாதிரி சார்.” அவளுடைய கண்கள் விரிந்தன. “ஐயோ சார்! நான்கூட அப்படித்தான் வெச்சிருப்பேன். முதல்ல சிவப்பு, சுத்தி மஞ்சள். வேதக்காரங்க எங்களுக்கு எது முதல்னு யாரு சொல்லிக் கொடுத்தா?”

அன்று முதன்முறையாகக் கன்னையா சிரித்தார். “பலகையை இறக்கு.”

“சார், இது சர்க்கார் சொத்து. முறைன்னு ஒண்ணு…”

“இறக்கு.”

*

மூன்று மணி அடித்து நான்கு நிமிடங்களுக்குப் பிறகு பலகை கூட்ட அறைக்குள் நுழைந்தது. அதன் ஒரு முனையில் கன்னையா. மறுமுனையில் மூச்சு வாங்கும் டோரிஸ். நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் வெள்ளைக்கோட்டு அணிந்த துரை. இடப்பக்கம் காண்ட்ராக்டர் இராமலிங்கம், முழங்கையருகே பதினான்கு வீடுகளின் வரைபடத்துடன். வலப்பக்கம் உர்சுலா டீச்சர், மடித்த கைக்குட்டையுடன். இக்னேஷியஸ் கோப்புடனும் வாசு மைக்கூட்டுடனும் சுவரோரம் நின்றார்கள்.

துரையின் முதல் கேள்வி, பலகையை எடுப்பதற்கு யார் அனுமதி கொடுத்தது என்பதுதான். அனுமதி கோருவதற்கு ஒரு படிவம் இருப்பதாகவும் அவர் சொன்னார். கன்னையா, ஐந்தாவது ஜன்னலில் இருப்பவர் தேநீர் குடித்துத் திரும்பியதும் அதை நிரப்பித் தருவதாகப் பணிவுடன் பதில் சொல்லிவிட்டு, பொட்டைக் காட்டி விளக்கினார்.

இராமலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். “இதெல்லாம் ஒரு சாட்சியா? பலகையில நேத்து யாராவது பொட்டு வெச்சிருப்பாங்க! நோட்டீசைப் பாருங்க. அதுலயும் பொட்டு இருக்கு. பூசையன்னைக்குத் தாள் அங்க இருந்ததுக்கு இதைவிட என்ன வேணும்?”

துரை தலையசைத்தார். அது நியாயமான வாதமாகத் தெரிவதாகச் சொன்னார். உர்சுலாவின் கைக்குட்டை மடிவதை நிறுத்தியது.

“அப்படியானால் ஒரே ஒரு வேண்டுகோள்,” என்றார் கன்னையா. “இந்தத் தாள் இருபத்தொரு நாள் நிமிர்ந்து தொங்கியது என்கிறார்கள். அது எப்படித் தொங்கியது என்று நாங்களும் பார்க்க விரும்புகிறோம். தாங்களே எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள்.”

“நான் பிடிக்கிறேன்,” என்று இக்னேஷியஸ் அவசரமாக முன்னால் வந்தார்.

ஆனால் துரை எடுத்துவிட்டார். தாளின் மேல்விளிம்பைப் பிடித்து, முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

பொட்டு நகர்ந்தது. சிவப்புத் தூள் தாளின்மீது கோடாக வழிந்து, துரையின் வெள்ளைக்கோட்டின் கைவிளிம்பிலும், பதினான்கு வீடுகளின் வரைபடத்திலும் கொட்டியது. தாளின் நடுவில் ஒரு மஞ்சள் வளையம் மட்டும் எஞ்சியது.

கன்னையா பலகையைத் தலைகீழாகத் திருப்பி, மேசையில் இரண்டு முறை தட்டினார். ஒரு துகளும் விழவில்லை.

“பூசையன்றிலிருந்து காற்றில் நின்றதாகச் சொல்லும் பொட்டு, தங்கள் மூச்சுக்குத் தாங்கவில்லை. இது பலகையில் வைத்த பொட்டு அன்று. மேசையில் படுக்கவைத்துத் தாளில் வைத்த பொட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வைத்தது. பொட்டைப் பற்றி நாங்கள் பேசியதை இந்த ஆபீசில் கேட்டவர்கள் இரண்டே பேர்.”

அறையின் பார்வை முழுவதும் சுவரோரம் திரும்பியது. வாசு மைக்கூட்டை மேசையில் வைத்தான்.

“நான் இல்லீங்க துரை!” என்று அலறினான். “நான் வெச்சிருந்தா சந்தனத்தை முதல்ல வெச்சிருப்பேன்! இப்படி வெச்சா எங்கம்மா கையை ஒடிச்சிருவாங்க! என் சாமிப்படத்துக்கு முன்னால இருந்த குங்கும டப்பா, சாப்பிட்டு வந்து பார்த்தா பாதிதான் இருக்கு. நான் எலின்னு நெனைச்சேன்…”

“குங்குமம் தின்ற எலி,” என்றாள் டோரிஸ், வாய்க்குள்.

இக்னேஷியஸ் மறுக்கவில்லை. நோட்டீஸ் ஒரு நாளும் தொங்கவில்லை என்பதையும், அதை ஒட்டியதாகவும் எடுத்ததாகவும் காட்டும் தேதி முத்திரைகளைத் தாமே குத்தியதையும் ஒப்புக்கொண்டார். பிறகு, துரையை நோக்காமல், கன்னையாவைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

“பதினாலு வீட்டுல ஒண்ணு எனக்குத் தரேன்னாரு சார். ஏழு பேரு ஒரே ரூம்ல கிடக்கிறோம். மழை பேஞ்சா உக்காந்துக்கிட்டே தூங்கறோம்.”

பதில் உர்சுலாவிடமிருந்து வந்தது. உரக்க வரவில்லை.

“உங்க சின்ன மக என் பள்ளியில மூணாவது, மிஸ்டர் இக்னேஷியஸ். உக்கார பெஞ்சு இல்லாம தரையில படுத்துக்கிட்டு எழுதறா. அந்த அறுபது பேருல அவளும் ஒருத்தி.”

இக்னேஷியஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

*

தீர்ப்பு என்று ஒன்று வந்தது. ஆனால் அதைக் கேட்டு யாரும் கைதட்டவில்லை. கிராணி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். காண்ட்ராக்டர்மீது தனி விசாரணை. பழைய நோட்டீஸ் செல்லாது. புதிய நோட்டீஸ் இன்றே தொங்க வேண்டும். இன்னும் இருபத்தொரு நாள் கழித்து, பள்ளியும் வீடுகளும் ஒரே மேசைக்கு வரும். அதற்குப் பள்ளி தன் மனுவை மூன்று நகல்களாக மறுபடியும் எழுதித் தர வேண்டும்.

“எழுதித் தந்தது ஆகஸ்டிலேயே உங்களிடம் இருக்கிறதே,” என்றார் கன்னையா.

அது பழைய கோப்பில் இருக்கிறது, இது புதிய கோப்பு என்று துரை விளக்கினார். பிறகு கைவிளிம்பின் சிவப்பைத் துடைத்துக்கொண்டே, இந்த முறை நோட்டீஸ் நாள்தோறும் இருந்தது என்பதற்கு நம்பத்தகுந்த ஒருவர் சாட்சியாக வேண்டும் என்றும், தினமும் அனுப்புவதற்குப் போர்டிடம் ஆள் இல்லை என்றும் சொன்னார்.

மாலை ஐந்து மணிக்குப் பலகை மீண்டும் தன் கொக்கிகளில் ஏறியது. வாசு புதிய நோட்டீசை வைத்து நான்கு மூலைகளிலும் ஆணியடித்தான். குடங்களுடன் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். கன்னையா பிரம்பின்மேல் இரு கைகளையும் ஊன்றி, வெற்றி பெற்றவரைப் போலத் தோன்றாமல் நின்றார்.

“அனுப்ப ஆள் இல்லையாம், ஆனா நம்பிக்கையான சாட்சி வேணுமாம்,” என்று முணுமுணுத்தாள் டோரிஸ். “நாப்பது பேரு தினம் வர்ற இடத்துல!”

“இதுல என்ன எழுதியிருக்கு?” என்று வீரம்மா கேட்டாள்.

டோரிஸ் முழுவதும் படித்துச் சொன்னாள்: எந்த நிலம், யாருடைய வீடுகள், யாருடைய பள்ளி, எந்தத் தேதி வரை. வீரம்மா ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், ஒரு கிண்ணத்துடன் திரும்பினாள்.

“இன்றைக்குப் பூசை ஒன்றும் இல்லையே அம்மா,” என்றார் கன்னையா.

“இல்லீங்க. ஆனா நாளைக்கு அந்தத் துரை, தாள் இருந்துச்சான்னு கேப்பாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது.” அவள் விரலைச் சந்தனத்தில் தோய்த்து, தாளின் கீழோரத்து இடது மூலையில் வைத்தாள். அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் குங்குமத்தை ஒற்றினாள். “இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணத் தெரியும்.”

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னும் இருபது பொட்டுகளுக்கு இடம் இருக்கிறதா என்று கண்ணால் அளந்து பார்த்தாள். இருந்தது.